லீவர் ஆடுது

லூமினோர் கடிகாரத்தை எத்தனை கடிகாரங்களுக்கு நடுவிலும் அடையாளம் கண்டுவிடலாம். சாவி கொடுக்கும் குமிழைச் சுற்றி அரைநிலா வடிவில் ஓர் உலோகப் பாலம் நிற்கும். அதன் நடுவே சின்ன லீவர். லீவரை மூடினால் அதன் உள்முனை குமிழைக் கேஸை நோக்கி அழுத்தும்; குமிழுக்கு அடியில் இருக்கும் ரப்பர் வளையம் நசுங்கித் தண்ணீரின் வழியை அடைக்கும். சித்தப்பா விட்டுப்போன கடிகாரத்தில் மூடிய பிறகும் லீவர் ஆடியது. சட்டைக் கை உரசினாலே திறந்துகொண்டது.

அது அசல் இல்லை. துபாய் கராமாவில் வாங்கிய நகல். வீட்டில் யாரிடமும் அவர் அதை அசல் என்று சொன்னதில்லை. அடுத்தவர் பெயரை டயலில் போட்டு விற்பது தவறு, அதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் தினமும் விடிந்ததும் அவர் லீவரைத் திறந்து சாவி கொடுத்தது நிஜம். லீவரின் நுனி அவருடைய கட்டைவிரல் பட்டுப்பட்டு மழுங்கியிருக்கிறது.

சாவி கொடுப்பது என்றாலே எனக்கு மதுரை டவுன்ஹால் ரோட்டில் மாமா வைத்திருந்த கடைதான். கடை என்றால் ஒரு மேசை, மேலே விளக்கு, கண்ணாடிக் கவிழ்ப்புக்குள் பிரித்துவைத்த பாகங்கள். வருபவை பெரும்பாலும் எச்.எம்.டி. கடிகாரங்கள். சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து பெங்களூரில் 1961-ல் தொடங்கிய தொழிற்சாலை அது. அதன் ஜனதா கட்டாத மணிக்கட்டு அந்தத் தெருவில் குறைவு. சாவி கொடுக்கும் கடிகாரத்தில் முதலில் தேய்வது குமிழ்தான் என்று மாமா காட்டுவார். குமிழின் பல் மழுங்கும், அதன் அடியில் இடைவெளி விழும், அந்த வழியாக வியர்வை உள்ளே போய் ஸ்டெம்மைத் துருவாக்கும். ஸ்டெம் என்பது குமிழோடு சேர்ந்து உள்ளே போகும் மெல்லிய தண்டு. "தொடாதே மாப்ளே, முதல்ல பாரு" என்பார். லென்ஸை என் கண்ணில் மாட்டிவிட்டு, நான் பார்த்துச் சொல்லும்வரை ட்வீசரைத் தரமாட்டார்.

இத்தாலியில் லூமினோரை உருவாக்கிய பனராய்க்காரர்களைப் படுத்தியதும் இதே தேய்மானம்தான். 1860-ல் ஃபுளோரன்ஸ் நகரத்தில் கடிகாரக் கடையாகத் தொடங்கிய குடும்பம் அது. பிறகு இத்தாலியக் கடற்படைக்குக் கருவிகள் செய்து கொடுத்தது. 1930-களில் கடற்படை முக்குளிப்பவர்களுக்காக ரேடியோமிர் என்ற பெரிய கடிகாரம் வந்தது. அதன் குமிழைத் திருகி மூட வேண்டும். ஆனால் கைச்சாவிக் கடிகாரம் ஆயிற்றே, சாவி கொடுக்கும்போதெல்லாம் திருகித் திறக்கவேண்டும், திருகி மூடவேண்டும். மரை தேய்ந்தால் தண்ணீர் புகும். திருகாமல் அழுத்தி மூடும் லீவர் அதற்கான விடை.

1941 டிசம்பரில் ஆறு இத்தாலிய வீரர்கள், மனிதர் ஏறி ஓட்டும் மூன்று டார்பிடோக்களில் அலெக்சாண்டிரியா துறைமுகத்துக்குள் நுழைந்து குயின் எலிசபெத், வேலியன்ட் என்ற இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை முடக்கினார்கள். இந்த லீவரும் அன்று அவர்கள் கையில் இருந்தது போலச் சிலர் பேசுவார்கள். லீவர் வந்தது அதற்குப் பிறகு. 1993 வரை இந்தக் கடிகாரங்கள் பொதுமக்களுக்காகக் கடைக்கு வரவில்லை. வந்து பெயர் பரவியதும் நகல்களும் பெருகின.

நகலைத் திறந்து பார்த்தபோது மாமா இருந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. உள்ளே யூனிடாஸ் 6497-ஐப் பார்த்துச் சீனாவில் செய்த இயந்திரம். யூனிடாஸ் பாக்கெட் கடிகாரத்துக்காகப் பிறந்தது, 36.6 மில்லிமீட்டர் அகலம். அசல் லூமினோர்கள் பலவற்றிலும் ஓடியது அதே யூனிடாஸின் மெருகேற்றிய வடிவம்தான். பெயரில்தான் பொய். சக்கரங்கள் அதே கணக்கில்தான் சுற்றுகின்றன.

லீவர் ஆடினால் எல்லோரும் லீவரைத்தான் குறை சொல்வார்கள், அதையே வளைத்தும் பார்ப்பார்கள். வளைக்கக் கூடாது. தாழ்ப்பாள் விழாத கதவில் நிலை இறங்கியிருக்கிறதா என்று ஆசாரி முதலில் பார்ப்பதுபோல, லீவர் எதை அழுத்துகிறது என்று பார்க்கவேண்டும். பாலத்தைக் கேஸோடு பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூக்களும் இறுக்கமாகவே இருந்தன. குமிழுக்கும் லீவருக்கும் நடுவே மெல்லிய காகிதத் துண்டை வைத்து மூடி இழுத்தேன். தடையில்லாமல் வந்துவிட்டது. குமிழ் உள்ளே தள்ளி உட்கார்ந்திருந்தது, அதனால் லீவருக்கு அழுத்த எதுவும் கிடைக்கவில்லை. லீவர் திரும்பும் ஊசியும் சற்றுத் தேய்ந்திருந்தது.

பின்மூடியைக் கழற்றி, ஸ்டெம்மைப் பிடித்துவைக்கும் செட்டிங் லீவரின் ஸ்க்ரூவைக் கொஞ்சம் மட்டும் தளர்த்தினால் ஸ்டெம் வெளியே வரும். ஸ்க்ரூவை முழுதாகக் கழற்றினால் அடியில் இருக்கும் துண்டு நழுவிவிடும், பிறகு டயலையே எடுக்கவேண்டி வரும். ஸ்டெம்மில் குமிழை அரைச் சுற்று வெளியே திருப்பி, மரையில் ஒரு துளி ஸ்க்ரூ பசை வைத்துக் காயவிட்டேன். அதற்கு மேல் திருப்பினால் மூடும்போதெல்லாம் சுமை ஸ்டெம்மின் மேல் இறங்கும். தேய்ந்த ஊசியைத் தட்டி எடுத்து, மயிரிழை தடித்த ஊசி போட்டேன். காகிதத்தை மறுபடி வைத்தேன். இழுத்ததும் கிழிந்தது.

மழுங்கிய நுனியை மெருகேற்றித் தரவா என்று சித்தியிடம் கேட்டேன். "அது அப்படியே இருக்கட்டும்ப்பா" என்றார். இப்போது அதைத் தம்பி கட்டிக்கொள்கிறான். அவனிடம் சொல்லிக் கொடுத்தது இவ்வளவுதான்: காலையில் லீவரைத் திற, குமிழ் தடுக்கிற வரைக்கும் சாவி கொடு, பிறகு மூடு. கை கழுவலாம். ரப்பர் வளையம் பழசு, புதுசு போடுகிற வரைக்கும் கிணற்றில் குதிக்கப் போகும்போது கழற்றி வைத்துவிட்டுப் போ.