கருவாடும் மான் தலையும்

காரைக்கால் வீட்டுக் கூடத்துல ஒரு வெளிமான் தலை இருக்கு. கொள்ளுத்தாத்தா கோடியக்கரைப் பக்கம் சுட்டது. "சித்திரை வெயில்ல, மைசூர் வான் இங்கன் கம்பெனிக்குப் போற வரைக்கும் தோல் எப்படி பாட்டி தாங்குச்சு?"

"கருவாடு எப்படிடா தாங்குது? உப்புதான்."

உரிச்ச கையோட ஒட்டின சதையை வழிச்சு, பொடி உப்பை அழுத்தித் தேய்ச்சு நிழல்ல காய வைக்கணுமாம். உப்பு ஈரத்தை இழுத்துடும், கிருமி வளராது. தாமதிச்சா முடி கொத்துக் கொத்தா உதிரும்.

வான் இங்கன் 1999ல மூடியாச்சு. கோடியக்கரை 1967லிருந்து சரணாலயம். இப்ப வீட்டை விக்கறோம். தலைக்கு உரிமைச் சான்றிதழ் இல்லை. 1972 வனவிலங்குச் சட்டப்படி விக்கவும் கூடாது. வனத்துறைகிட்ட ஒப்படைக்கப் போறோம்.

பாட்டி மட்டும் தினமும் அதைத் துடைச்சு வைக்கறாங்க. "எங்கப்பா கை பட்டதுடா"ங்கறாங்க. எனக்குத்தான் பதில் வரலை.