மடை திறந்த ராத்திரி

புது ஆத்துல தண்ணி வந்துருச்சு.

ராத்திரி ஒரு மணிக்கு அப்பா எழுப்புனாங்க.
"நம்ம மொற வந்துருச்சு, எந்திரி பாப்பா."
எப்பவும் தம்பியத்தான் எழுப்புவாங்க.

ஜூன் 12 மேட்டூர் தொறந்தாலும், கல்லணை தாண்டி எங்க ஒரத்தநாட்டுப் பக்கத்து வாய்க்காலுக்கு வந்து சேர நாளாகும். 1934ல மேட்டூர் அணையோட வந்த கால்வாய்தான் இந்தப் புது ஆறு. அதுக்கு முன்னாடி எங்க பக்கம் மழையும் ஏரியுந்தான் கதி.

மண்வெட்டிய என் கையில குடுத்தாங்க.
"நீயே வெட்டி விடு."

வெட்டுனேன்.
மொதல்ல நொரையும் சருகும் வந்துச்சு. அப்புறந்தான் தண்ணி.
வெடிப்புக்குள்ள எறங்கி, குபுகுபுன்னு கொப்புளம் விட்டுக்கிட்டே நடந்துச்சு.
பாதம் நனையற வரைக்கும் நகரல நான்.

ஞாயித்துக்கெழம ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸ்.
திங்கக்கெழம சென்னையில வேலையில சேரணும்.
எங்க வீட்டுலேருந்து மாசச் சம்பளத்துக்குப் போற மொத ஆளு நான்.

வரப்புல உக்காந்து அப்பா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க.
"அறுப்புக்கு வந்துருவியாம்மா?"

குறுவைக்கு 110 நாளு. வெரல் விட்டு எண்ணிப் பாத்தேன். ஐப்பசி மழை புடிக்கிறதுக்குள்ள அறுத்தாகணும். சேந்த நாலாவது மாசமே லீவு குடுப்பாங்களான்னு தெரியல.

"வந்துருவேம்பா"ன்னு சொல்லிட்டேன்.
சொன்னா சொன்னதுதான்.

வேலையில சேந்த புதுசுல ஊர் அறுப்புக்கு லீவு கேட்டவங்க இருந்தா, எப்படிக் கேட்டீங்கன்னு சொல்லுங்களேன்?