எளியோர்க்கென எழுந்த எழுத்து

கொரிய மொழி கற்கச் சியோல் நகர் சென்றேன். காலை ஒன்பது மணி முதல் ஒரு மணி வரை வகுப்பு. வாரத்தில் ஐந்து நாள். பத்து வாரம் ஒரு பருவம். ஆசிரியை கொரியமன்றி வேறு மொழி பேசார். பக்கத்தில் வியட்நாம் மாணவி, எதிரே மங்கோலிய இளைஞன். எங்கள் மூவருக்கும் பொதுமொழி, நேற்றுவரை மூவரும் அறியாத கொரியம்! நண்பகலில் மாணவர் உணவகத்தில் சோறும் கிம்ச்சியும். இரவில், ஒரு கட்டிலும் ஒரு மேசையும் மட்டுமே கொள்ளும் சிற்றறையில் மறுநாள் தேர்வுக்குப் படிப்பு.

இரண்டாம் வாரமே சுரங்க ரயில் நிலையப் பெயர்களை எழுத்துக்கூட்டிப் படித்தேன். பொருள் விளங்கவில்லை, ஆயினும் படிக்க முடிந்தது! காரணம் என்ன? 'ம' ஒலிக்கு வாயின் வடிவம். 'ந' ஒலிக்கு அண்ணம் தொடும் நாவின் வடிவம். 1443-இல் மன்னர் செஜோங் உருவாக்கி, 1446-இல் நாட்டுக்கு வழங்கிய எழுத்து அது. அன்று 28; இன்று 24. சீன எழுத்தைக் கற்க வாய்ப்பற்ற எளியவனும் தன் எண்ணத்தை எழுதவேண்டும் என்பதே நோக்கம். இன்று சந்தையில் கீரை விற்கும் மூதாட்டி செய்தித்தாள் படிக்கிறார், கண்டு மகிழ்ந்தேன்.

கற்றோர் வரவேற்றனரா? இல்லை! 1444-இலேயே எதிர்ப்பு மனு நீட்டினர். சீனத்தை விட்டால் நாகரிகமே போய்விடுமாம்! பாமரர் எழுத்து என்றனர். பெண்டிர் எழுத்து என்று ஏளனம் செய்தனர். அரசு ஆவணங்களில் அது அரியணை ஏற 1894 ஆயிற்று. பின்னர் சப்பானியர் ஆட்சி. அகராதி தொகுத்த மொழிக் கழகத்தார் 1942-இல் சிறைப்பட்டனர். இருவர் சிறையிலேயே மாண்டனர். பறிபோன கையெழுத்துப்படி 1945-இல் சியோல் ரயில் நிலையக் கிடங்கிலே கிடைத்தது! 1957-இல் ஆறு தொகுதிகளும் முற்றுப்பெற்றன.

"அவர்களும் அப்பா என்கிறார்கள், அம்மாவை ஒம்மா என்கிறார்கள். கொரியம் தமிழின் பிள்ளைதானே?" என்று ஊரிலிருந்து நண்பர் எழுதினார். சில சொற்கள் ஒத்திருப்பது உறவுக்குச் சான்றாகாது, தோழரே! பிறர் கட்டுக்கதையைச் சாடும் பகுத்தறிவு, நமக்கு இனிக்கும் கதையையும் சோதிக்கவேண்டுமன்றோ?

அந்நாட்டிடம் நாம் பெறவேண்டியது உறவு அன்று, பாடம். மருத்துவமும் பொறியியலும் அவர்தம் எழுத்திலே பல்கலைக்கழக நூலகத்தில் அடுக்கடுக்காக நிற்கின்றன. பழமை பேசியதால் வந்த வளமா அது? எளியோரும் படிக்கத் தொடங்கியதால் வந்த வளம்!

இளைஞர்களே! உங்கள் தெருவில் கைந்நாட்டு வைப்போர் எத்தனை பேர்? எண்ணிப் பாருங்கள். மாலையில் ஒரு மணி நேரம், ஒருவருக்கேனும் எழுத்தறிவியுங்கள். தமிழுக்கு நாம் எடுக்கும் விழா அதுவாக இருக்கட்டும்!