பெயிண்டுக்கு அடியில என்ன இருக்கு?

முதல் வருஷ கெமிஸ்ட்ரியில கரோஷன் யூனிட் ஞாபகம் இருக்கா? எனக்கு அது உண்மையில புரிஞ்சது எங்க அண்ணனோட ஸ்கூபா டேங்க்கைப் பார்த்தப்போதான்.

அண்ணன் புதுச்சேரியில டைவிங் கத்துக்கொடுக்கிறான். அவன்கிட்ட செகண்ட் ஹேண்ட்ல வாங்கின 12 லிட்டர் ஸ்டீல் டேங்க் ஒண்ணு இருந்தது. அங்கங்க பெயிண்ட் உதிர்ந்திருந்தது. "சீசன் வருதுடா, மேல ஒரு கோட் ஸ்ப்ரே அடிச்சிடலாம்"னான். நான் விடல.

ஏன்னு கேளுங்க. டேங்க்ல துத்தநாகப் பூச்சு இருந்தா, சின்னக் கீறல் விழுந்தாலும் பயமில்லை. துத்தநாகத்தின் மின்முனை அழுத்தம் −0.76 வோல்ட், இரும்புக்கு −0.44. அதனால துத்தநாகம் முதல்ல தான் கரைஞ்சு இரும்பைக் காப்பாத்தும். வெறும் பெயிண்டுக்கு அந்த குணம் கிடையாது. உப்புத்தண்ணி உள்ளே போனா துரு பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் எடுக்கும், அதனால பெயிண்டைத் தூக்கும். அந்த இடைவெளியில இன்னும் உப்புத்தண்ணி போகும். வெளியே தெரியுறது பொட்டு அளவு, உள்ளே உள்ளங்கை அளவு!

சரி, என்ன செய்யணும்? முதல்ல காற்றை முழுசா வெளியேத்தணும். லூசான பெயிண்டைச் சுரண்டி, கம்பி பிரஷ்ஷால துருவைத் தேய்ச்சு, நல்ல தண்ணியில கழுவிக் காய வைக்கணும். குழி எதுவும் இல்லைன்னா துத்தநாகம் நிறைந்த பிரைமர், அதுக்கு மேல எபாக்ஸி. கிரைண்டர் வேண்டாம், சுவரோட தடிமன் குறையும். சூடு காட்டவே கூடாது, ஹீட் ட்ரீட்மென்ட் செஞ்ச ஸ்டீலோட பலம் போயிடும். தோள்பகுதியில பொறிச்சிருக்கிற எண்களை பெயிண்ட் மூடிடக் கூடாது, டெஸ்ட் தேதி அங்கதான் இருக்கும்.

நாங்களும் சுரண்டினோம். மேல் பக்கம் வெறும் மேல்துருதான். ஆனா அடியில இருந்த ரப்பர் பூட்டைக் கழட்டினா, தேங்கின உப்புத்தண்ணி அரிச்சு வரிசையா குழிகள். நகத்தை வச்சா உள்ளே இறங்குது.

200 பார் அழுத்தம்னா ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர்லயும் சுமார் 200 கிலோ விசை. கட்டைவிரல் நகம் அளவு இடத்துல ஒரு புல்லட் பைக்கை நிறுத்தின மாதிரி. அந்த டேங்க்கை நிரப்பும்போது பக்கத்துல நிக்கிறது அண்ணன்தான்.

சோதனை மையத்துல பார்த்துட்டு, இனி நிரப்பக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. வேற யாரும் எடுத்து நிரப்பிடக் கூடாதுன்னு அண்ணன் அதை ரெண்டா அறுத்துட்டான். காசு போச்சுன்னு ரெண்டு நாள் என்கூடப் பேசல. பரவாயில்லை, பேச ஆள் இருக்கான்ல!

உங்க பைக் சேஸிஸ்லயோ மொட்டைமாடி கைப்பிடியிலயோ பெயிண்ட் உப்பியிருந்தா, அடுத்த கோட் அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை சுரண்டிப் பாருங்க.