மாவு பிசையும் கைகள், 'கச்ரா' என்ற பெயர்

விளம்பரங்களில் நிற வெறியைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். விருத்தாசலம் நகைக்கடை பேனர்களில் சிரிக்கும் முகங்களை எங்கள் கம்மாபுரத்துத் தெருக்களில் தேடினாலும் கிடைக்காது. 1975ல் வந்த ஃபேர் அண்ட் லவ்லியை எதிர்த்து ஜனநாயக மாதர் சங்கம் போராடியது. 2003ல் அதன் சில விளம்பரங்கள் நிறுத்தப்பட்டன. ஆனால் பெயரிலிருந்த 'ஃபேர்' போனது 2020ல், அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்ட பிறகுதான்.

பெண்களைக் காட்டுவதிலும் மாற்றம் வந்தது. துணி துவைப்பது பெண்ணின் வேலை மட்டும்தானா என்று 2015ல் ஏரியல் கேட்டது. நல்ல கேள்விதான். ஆனால் அங்கே வேலையைப் பங்கிடுவது கணவனும் மனைவியும். அப்படிப்பட்ட வீடுகளுக்குத் துவைக்கப் போகும் நம் அம்மாக்கள் அந்தப் படத்திலேயே இல்லை.

2020 மே மாதம் அவர்கள் படத்துக்குள் வந்தார்கள். எப்படி? வேலைக்காரப் பெண்ணை மாவு பிசைய விடுகிறீர்களா, அவள் கையில் தொற்று இருக்கலாம் என்றது கென்ட் நிறுவனத்தின் மாவு பிசையும் இயந்திர விளம்பரம். எதிர்ப்பு வந்ததும் மன்னிப்புக் கேட்டு எடுத்துவிட்டார்கள். கொரோனாவை ஊருக்குள் கொண்டுவந்தது விமானமா, வேலைக்காரியின் கையா? இரட்டைக் குவளையைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த வாசகத்தின் பொருளை யாரும் விளக்கத் தேவையில்லை. பீங்கான் பட்டறையில் மண் பிசைகிற கை பொம்மைக்கு ஆகும், சப்பாத்திக்கு ஆகாது!

2023 ஜூன் 5, சுற்றுச்சூழல் நாள். 'லகான்' (2001) படத்தில் தீண்டத்தகாதவராக வந்த கச்ராவை, அதே நடிகர் ஆதித்ய லக்கியாவை வைத்தே, சொமேட்டோ மேசையாக, விளக்காக, பூந்தொட்டியாகக் காட்டியது. குப்பையை மறுசுழற்சி செய்கிறோம் என்பது செய்தி. இந்தியில் கச்ரா என்றால் குப்பை; அதுதான் நகைச்சுவையாம்.

நம் பக்கமும் குப்பன், குப்பம்மாள் உண்டு. பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில், இதுவாவது பிழைக்கட்டும் என்று குப்பைமேட்டில் போட்டு எடுத்து வைத்த பெயர். அது பெற்றவளின் பயம். கச்ரா அப்படியல்ல, ஒரு மனிதனைக் குப்பையாகப் பார்க்கிற ஊரின் கண். இயக்குநர் நீரஜ் கய்வான் உட்படப் பலர் கண்டித்தார்கள். தேசிய பட்டியல் சாதியினர் ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. விளம்பரத்தை எடுத்த நிறுவனம், தெரியாமல் சில சமூகங்களின் உணர்வைப் புண்படுத்தியிருக்கலாம் என்றது. 'சாதி' என்ற சொல் அதன் வாயில் வரவில்லை. அடுத்த ஆண்டு மார்ச்சில் அதே நிறுவனம் சுத்த சைவத்துக்கெனத் தனி ஆட்கள், பச்சைச் சீருடை என்று அறிவித்தது. எதிர்ப்பு கிளம்ப, மறுநாளே சீருடையைக் கைவிட்டது.

சாதியை இழிவுபடுத்தும் விளம்பரம் கூடாது என்று 1994ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளில் இருக்கிறது. விளம்பரத் தர மன்றமான ஆஸ்கியின் நெறிகளிலும் இருக்கிறது. அங்கே புகார் கொடுக்க வழக்கறிஞர் வேண்டாம், கைப்பேசி போதும். எதிர்ப்பு வந்ததும் அழித்துவிடுகிறார்கள். அதனால் கண்ணில் பட்ட உடனே தேதியோடு பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.