கற்பிட்டிப் பாதையிற் கண்ட காந்தள்

கார்த்திகை மழை ஓய்ந்த ஒரு காலைப் பொழுதில், பாலாவிச் சந்தியிலிருந்து கற்பிட்டி நோக்கிச் சென்றோம். மணற்பாங்கான பற்றைகளினூடே தீச்சுடர்கள் போல மலர்கள் தென்பட்டன. கார்த்திகைப் பூ! நம் பழம் புலவர் மங்கையர் விரலுக்கு உவமை கூறிய காந்தள் இதுவே. சிங்கள மக்கள் 'நியங்கலா' என்பர்.

அருகே சென்று நோக்கினோம். பற்றிப் படர இக்கொடிக்குத் தனிச் சுருள் இல்லை. இலையின் நுனியே சுருண்டு வேலியைப் பிடித்துக்கொள்கிறது. பின்னோக்கி வளைந்த 6 இதழ்களும் முதலில் பசுமஞ்சளாய் விரிந்து, பின்னர் செக்கச் சிவக்கின்றன.

வீட்டில் வளர்ப்பது அரிதன்று. நீர் தேங்காத மண் வேண்டும். கலப்பை போல் வளைந்த கிழங்கின் முனையிலேதான் முளை உண்டு. எடுக்கும்போது அது ஒடிந்தால் கொடி எழாது. கோடையிற் கொடி பட்டுப்போனதும் செத்ததென்று தோண்டி எறிவோர் உளர். பாவம், கிழங்கு உறங்குகிறது!

ஆனால் செடி முழுவதும் நஞ்சு; கிழங்கும் விதையும் மிகக் கொடியவை. கொல்கிசின் என்னும் அந்நஞ்சையே மருத்துவர் அளவறிந்து 'கௌட்' எனும் மூட்டு நோய்க்கு வழங்குகின்றனர். வற்றாளங் கிழங்கென மயங்கி இதனை அவித்துண்டு இறந்தோர் இந்நாட்டில் உண்டு.

உடன் வந்த சிறுவன் கிழங்கு தோண்டக் கம்பெடுத்தான். எம் வீட்டுக் கொல்லையில் வற்றாளை படர்ந்திருப்பது நினைவுக்கு வந்தது. கம்பைக் கீழே போடச் சொன்னோம்.