மரப்பட்டை கலந்த அப்பம்



தானியம் முற்றிலும் அற்றுப்போனால் மனிதன் எதை அரைத்து உண்பான் என்று எப்போதாவது எண்ணியதுண்டா? பின்லாந்து தேசத்தார் பைன் மரத்தின் பட்டையை அரைத்து உண்டார்கள். அறுப்பின் பண்டிகைக்குச் செய்தி ஆயத்தம் செய்கையில் இதை வாசித்தேன். அன்றுமுதல் உணவுக்குமுன் தலைவணங்கும்போதெல்லாம் அந்த அப்பம் என் கண்முன் நிற்கிறது.

வெளியே தெரியும் கரடுமுரடான பட்டையை அவர்கள் உண்ணவில்லை. அதற்கும் கட்டைக்கும் நடுவே வெளிறிய மெல்லிய உட்பட்டை ஒன்று உண்டு. மரத்தில் சாறு ஏறும் காலத்தில் அதை உரித்து, உலர்த்தி, கசப்புக் குறைய வறுத்து, இடித்து மாவாக்கினார்கள். கையிருப்பில் எஞ்சிய ரை தானிய மாவுடன் கலந்து அப்பம் சுட்டார்கள்.

அதில் சத்து உண்டா? சிறிது உண்டு. இரும்பு, துத்தநாகம் போன்ற தாதுக்கள் இருக்கின்றன, நார்ச்சத்து மிகுதி. அந்த நாரின் பெரும்பகுதி நம் குடலில் செரிப்பதில்லை. ஆகவே வயிறு நிரம்பும். உடலில் வலு சேராது. வயிறார உண்பவனுக்கு அது நன்மை செய்யலாம், பட்டினி கிடப்பவனைக் காக்காது. (இன்று அதே மாவு அந்நாட்டில் ஆரோக்கிய உணவாக விலைக்குக் கிடைக்கிறது!) 1867 செப்டம்பரில் விழுந்த உறைபனி பயிரை அழித்தது. அடுத்த ஆண்டில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கே மாண்டார்கள். பசியால் நலிந்த உடல்களைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று.

அப்பஞ்சத்துக்கு முன்னரே, 1830-ல், ரூனெபெரி என்னும் கவிஞர் பாவோ என்ற உழவனைப் பாடியிருந்தார். பாவோ பல இழப்புகளுக்குப்பின் ஓராண்டு நல்ல விளைச்சல் காண்கிறான். இனிப் பட்டை கலவாத அப்பம் உண்ணலாம் என்று மனைவி மகிழ்கிறாள். அவனோ அவ்வாண்டும் பாதிக்குப் பாதி பட்டையைக் கலக்கச் சொல்கிறான். ஏனெனில் அயலானுடைய வயல் உறைபனியில் அழிந்துகிடக்கிறது. இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

பட்டையில் இறக்கிய பானம் வேறு விதமாய் உதவியது. 1535-36 குளிர்காலத்தில், இன்றைய கியூபெக் நகரத்தின் அருகே, ஜாக் கார்த்தியேயின் பிரெஞ்சு மாலுமிகள் ஸ்கர்வி நோயில் விழுந்தார்கள். 110 பேரில் 25 பேர் இறந்தனர். அம்மண்ணின் மைந்தனான டொமகாயா ஒரு மரத்தைக் காட்டி, அதன் இலையையும் பட்டையையும் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொன்னார். ஒரு பெரிய மரமே சில நாட்களில் தீர்ந்தது. எஞ்சியவர்கள் எழுந்து நடந்தார்கள். அவர்களுக்குக் குறைவாயிருந்தது வைட்டமின் சி என்பது நானூறு ஆண்டுகள் கழித்தே விளங்கியது. ஆனால் அந்த வசந்தகாலத்திலேயே கார்த்தியே, டொமகாயாவையும் ஊர்த்தலைவர் டொன்னகோனாவையும் வேறு சிலரையும் பிடித்துக் கப்பலேற்றிக்கொண்டு போனார். அவர்களில் ஒருவரும் ஊர் திரும்பவில்லை.

இனி என் கதை. சில ஆண்டுகளுக்கு முன், நான் ஊழியம் செய்த கிராமத்தில் குளத்துப் பாசன வயல்கள் நன்றாய் விளைந்தன. மழை பொய்த்ததால் மானாவாரிக் காடுகள் காய்ந்துபோயின. பண்டிகை ஏலத்தில் அதுவரை காணாத தொகை சேர்ந்தது. நான் பூரித்துப்போனேன். கிழக்குத் தெருவிலிருந்து ஒருவரும் வரவில்லை என்பதை, மறுநாள் காணிக்கைக் கணக்கு எழுதும்போதுதான் உணர்ந்தேன்.

அன்று மாலை அங்கே போனேன். முதல் வீட்டிலிருந்த தாயார், "வெறுங்கையோட எப்படிங்கய்யா வர்றது?" என்று கேட்டார். நான் விடை தேடிக்கொண்டிருக்கையில், அவர் உள்ளே சென்று கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொண்டுவந்தார். பானையில் கருப்பட்டி எவ்வளவு மீதியிருந்தது என்று நான் கேட்கவில்லை. குடித்தேன். ஜெபித்தேன். அடுத்த ஆண்டு கட்டாயம் வரவேண்டும் என்று சொல்லிவிட்டு வீடு திரும்பி, பண்டிகையில் மிஞ்சிய பலகாரத்தை உண்டேன்.

இவ்வாண்டுப் பண்டிகைக்கு இன்னும் மூன்று வாரங்கள் இருக்கின்றன. ஏலம் முதலில் நடக்கட்டும், செய்தி பிறகு இருக்கட்டும் என்கிறார்கள் சபைக் கமிட்டியார். அதற்கு முன்னதாக, எந்தெந்த வீட்டில் விளையவில்லை என்று தெருத்தெருவாய்ப் போய் அறிந்துவர என்னோடு இருவர் வரவேண்டும் என்று கேட்டிருக்கிறேன். இதுவரை ஒருவர் பெயர் கொடுத்திருக்கிறார்.